விபத்துக்குப் பிறகு மகளுக்கு எடுத்த ட்ராமா சிகிச்சை: ஒரு அம்மாவின் விமர்சனம்

சுருக்கமாகப் பதில் வேண்டுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5க்கு 4.5. குழந்தைக்கு ஒரு பெரிய அதிர்ச்சி நடந்து, ஒரு மாதம் தாண்டியும் அது அடங்காமல் இருந்தால் இந்தச் சிகிச்சையைத் தேடிப் போங்கள். அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் விமர்சிப்பது டி.எஃப்.-சி.பி.டி. என்ற சிகிச்சை முறையை. ட்ராமாவை, அதாவது மனசில் தங்கிவிட்ட அதிர்ச்சியை, மையமாக வைத்துச் செய்யும் சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூடித் கோஹன், அந்தோணி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது. 3 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் செய்கிறார்கள். வாரம் ஒரு செஷன், பெரும்பாலும் 12 முதல் 16 செஷன், சிக்கலான நிலைமை என்றால் இன்னும் கொஞ்சம் நீளும். நாங்கள் போன மையத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கோதான் போகப்போகிறீர்கள், உங்களுக்குத் தேவை உள்ளே என்ன நடக்கும், நல்ல இடத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்பதுதான்.

எங்கள் கதை இதுதான். என் அப்பா காரை ஓட்ட, ஒன்பது வயது மகள் பின்சீட்டில். சந்திப்பில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த ஒரு லாரி பக்கவாட்டில் மோதிவிட்டது. அப்பாவுக்கு எலும்பு முறிவுகள், பல வாரம் படுக்கை. மகளுக்குச் சின்னச் சின்னச் சிராய்ப்புகள் மட்டும். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகல" என்று எல்லாரும் நிம்மதியாகச் சொன்னார்கள், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

அடுத்து வந்தவை எதுவுமே, பயந்துபோன குழந்தை என்றவுடன் நாம் கற்பனை செய்யும் மாதிரி இல்லை. அவள் அழவே இல்லை. காலையில் வயிற்று வலி, ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் தலைவலி, தம்பி பென்சிலை எடுத்தால் வீடே அதிரும்படி கத்தல், வெளியே கதவு சாத்தும் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, விளக்கை அணைத்தால் தூங்காமல் இருப்பது. வகுப்பில் கவனம் இல்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்பினார், கவனக்குறைவுப் பிரச்சினைக்குப் பரிசோதிக்கலாமே என்ற யோசனையோடு. எப்போதும் ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கும் குழந்தையால் பாடத்தைக் கவனிக்க முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் அது துறுதுறுப்பு, கவனச்சிதறல் மாதிரியேதான் தெரியும். இந்த இரண்டும் மாற்றிப் புரிந்துகொள்ளப்படுவது சகஜம் என்று பின்னால் சைக்காலஜிஸ்ட் சொன்னார்.

அப்புறம் அந்த விளையாட்டு. இரண்டு பொம்மை கார்கள். ஒன்று வரும், இன்னொன்று மோதும், திரும்பவும் எடுத்து வைப்பாள், திரும்பவும் மோதும். முகத்தில் விளையாடுகிற சந்தோஷம் துளியும் இருக்காது, தம்பி ஆம்புலன்ஸ் கொண்டுவந்தால் தள்ளிவிடுவாள், முடிவை யாரும் மாற்றக் கூடாது. 1976இல் கலிஃபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் 26 குழந்தைகளை ஸ்கூல் பஸ்ஸோடு கடத்தினார்கள். எல்லாக் குழந்தைகளும் உயிரோடு தப்பினார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தக் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுதியவற்றில் இந்த மாதிரி சந்தோஷமில்லாத, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். நடப்பதற்கு முன்பே ஏதோ அறிகுறி வந்தது, நான்தான் கவனிக்கவில்லை என்று குழந்தைகள் நம்ப ஆரம்பிப்பதையும், பெரியவர்களாகும்வரை உயிரோடு இருப்போம் என்ற எண்ணமே போய்விடுவதையும் எழுதியிருக்கிறார். என் மகள் இரண்டையும் சொன்னாள். அன்று காலை தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உடைந்ததாம், அதுதான் அறிகுறியாம்.

இன்னொன்றும் நடந்தது, அதற்கு அப்போது யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. அவள் வரைவதை நிறுத்திவிட்டாள். எந்நேரமும் கிரேயானும் கையுமாக இருந்த பெண், பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டாள்.

முதலில் ஒரு பொதுவான குழந்தைகள் கவுன்சலிங் இடத்துக்குப் போனோம். அன்பானவர்கள், குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் விமர்சனம் என்று எழுதும்போது சொல்லித்தான் ஆக வேண்டும். வாரா வாரம் வண்ணம் தீட்டும் தாள், பலகை விளையாட்டு, "எப்படி இருக்கே கண்ணு" என்ற பேச்சு. (வண்ணம் தீட்டும் தாளை அவள் தொடக்கூட இல்லை, அது ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.) விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்டபோது, "நாமளா ஞாபகப்படுத்த வேண்டாம், காலப்போக்குல மறந்துடுவா, தயாரானா அவளே சொல்வா" என்றார்கள். கேட்க இதமாக இருக்கும் பதில். ஆனால் நினைவுபடுத்தும் எதிலிருந்தும் விலகி ஓடுவதுதான் இந்த நோயின் (பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு அடங்காமல் நீடிக்கும் மனப் பாதிப்பின்) அடையாளங்களில் முக்கியமானது. அந்தக் குழந்தை தானாக முன்வந்து சொல்லும்வரை காத்திருப்பது என்றால், நோய் தானே குணமாகட்டும் என்று காத்திருப்பதுதான். மாதங்கள் போயின, பொம்மை கார்கள் மோதிக்கொண்டே இருந்தன.

இரண்டாவதாகப் போன இடத்தில் முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. மகளைத் தனியாக ஒரு அறையில் வைத்து நேராகவே கேட்டார் அந்த சைக்காலஜிஸ்ட்: "கார் ஆக்சிடெண்ட் ஆச்சுன்னு அம்மா சொன்னாங்க. அதைப் பத்தின படமோ நினைப்போ வேண்டாம்னாலும் மனசுக்குள்ள வருதா?" அவள் "தினமும்" என்றாளாம். அத்தனை நாளில் அதை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. சம்பவத்தைப் பற்றிக் கேட்டால் குழந்தை உடைந்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறோம், கேட்காமல் விட்டால் இது பேசக்கூடாத விஷயம் போல என்று குழந்தை முடிவு செய்துகொள்கிறது.

பிறகு கேள்வித்தாள். கிரைஸ்-8 என்று ஒன்று, 8 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு. எட்டே கேள்விகள்: நாலு கேள்வி வேண்டாத நினைவுகள் வருவதைப் பற்றி, நாலு கேள்வி தவிர்ப்பதைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 3, 5 என்று மதிப்பெண், மொத்தம் 40, அதில் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டுவதில்லை, விரிவான நேர்காணல் தனியாக நடந்தது. என்னிடமும் தனியாக அறிகுறிகளைக் கேட்டார்கள். எங்கள் இரண்டு பேரின் பதில்களும் நிறையவே வேறுபட்டன, அவள் சொன்னது நான் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது. குழந்தை உள்ளுக்குள் படுவதைப் பெற்றோர் குறைவாக மதிப்பிடுவது பல குடும்பங்களில் பார்ப்பதுதான், அதனால்தான் குழந்தையையே நேரடியாகக் கேட்க வேண்டும் என்றார்கள். பெற்றோரை மட்டும் கேட்டுவிட்டு முடிவு சொல்லும் இடம் என்றால் தயவுசெய்து யோசியுங்கள்.

இங்கே ஒரு விஷயம், பதறிப்போய் இருக்கும் பெற்றோருக்காக. அதிர்ச்சியைச் சந்திக்கும் எல்லாக் குழந்தைக்கும் பி.டி.எஸ்.டி. வருவதில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய 16 சதவீதம் பேருக்குத்தான் வந்திருக்கிறது. மனிதர்களே செய்த கொடுமை என்றால் விகிதம் கூடுகிறது, அதிலும் பெண் குழந்தைகளுக்கு. முதல் சில வாரங்களில் கெட்ட கனவு, ஒட்டிக்கொள்வது, படுக்கையை நனைப்பது எல்லாம் வந்து போவது இயல்பு. ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால், தூக்கம், படிப்பு, விளையாட்டு, நட்பு எல்லாவற்றையும் பிடித்து இழுத்தால், அப்போது தாமதிக்க வேண்டாம். சாவதைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ ஒரு மாதம் எல்லாம் எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தூக்கத்துக்காவது மாத்திரை கிடைக்குமா என்று என் கணவர் கேட்டார். பொறுமையாக விளக்கினார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவோ குணப்படுத்தவோ மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. பெரியவர்களுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் என்ற மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தபோது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடப் பெரிதாகப் பலன் தெரியவில்லை. கூடவே கடுமையான மனச்சோர்வோ வேறு பிரச்சினையோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம், அது மனநல மருத்துவர் தனியாக முடிவு செய்ய வேண்டியது. அதே வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைப்பது இந்த ட்ராமா சி.பி.டி.யைத்தான்.

சரி, செஷன்கள். ஒவ்வொன்றிலும் நேரம் இரண்டாகப் பிரியும், பாதி குழந்தைக்கு, பாதி பெற்றோருக்கு. ஆரம்ப வாரங்களில் மூச்சுப் பயிற்சி, தசைகளை இறுக்கித் தளர்த்துவது, உணர்ச்சிகளுக்குப் பெயர் வைப்பது, பயத்தை 0 முதல் 10 வரை அளந்து சொல்வது. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, எங்கேயும் கிடைப்பதுதான், ஆனால் அந்த 0 முதல் 10 கணக்கு வீட்டில் பெரிய உதவி. "பயமா இருக்கா?" என்றால் இல்லை என்று தலையாட்டுகிறவள், "எத்தனை?" என்றால் "ஏழு" என்று சொல்லிவிடுவாள்.

பெற்றோருக்கான பாதியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று தகவல் சொல்லும் நேரம் என்று நினைத்துப் போனேன், அதுவோ எனக்கே பாடம் நடத்தும் நேரமாக இருந்தது. ராத்திரி எழுந்து வந்தால் என்ன சொல்வது, கத்தும்போது எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, எதற்கு எல்லை போடுவது, எந்தச் சின்ன முயற்சியைக் கவனித்து உடனே பாராட்டுவது. விபத்துக்குப் பிறகு பாவம் குழந்தை என்று வீட்டில் எல்லா ஒழுங்கும் தளர்ந்துபோவது பல குடும்பங்களில் நடக்கும், தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், விளையாடும் நேரம் இவையெல்லாம் பழையபடி இருப்பதே குழந்தைக்கு உலகம் திரும்பவும் பத்திரமானது என்று காட்டுகிறது என்றார். அவள் ஒவ்வொரு வாரமும் உள்ளே என்ன கற்றுக்கொள்கிறாளோ அதையே எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள், அதனால் வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாஷை பேச முடிந்தது. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் சிகிச்சை அல்ல இது.

இனி இந்தச் சிகிச்சையின் நடுப்பகுதிக்கு வருகிறேன், நான் இதற்கு மதிப்பெண் கொடுப்பதே இதற்காகத்தான். குழந்தை நடந்ததை ஒரு புத்தகமாக எழுத வேண்டும். எழுதவோ, சொல்லச் சொல்ல தெரபிஸ்ட் எழுதிக்கொள்ளவோ செய்யலாம், படமாக, பாட்டாகக்கூடச் செய்யும் குழந்தைகள் உண்டு. முதல் அத்தியாயம் சும்மா "நான் யார்", பிடித்த நிறம், பிடித்த நண்பர். அடுத்தது விபத்துக்கு முன்னால் தாத்தாவோடு இருந்த நல்ல நாட்கள். அப்புறம் அந்த நாள். ஆஸ்பத்திரி. கடைசியாக, எல்லாவற்றையும் விட மோசமான நிமிடம். ஒரே நாளில் எல்லாம் கிடையாது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம், முன் வாரம் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு அதற்கு மேலே. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் 0 முதல் 10 எத்தனை என்று கேட்பார். ஒன்பதில் ஆரம்பித்த பக்கம் அடுத்தடுத்த வாரங்களில் ஏழு, ஐந்து, மூன்று என்று இறங்குவதை அவளே பார்த்தாள். எதற்கு இந்த வேதனை என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது: முழங்காலில் அடிபட்டு உள்ளே மண் இருக்கும்போது மேலே பிளாஸ்டர் ஒட்டினால் ஆறாது, கழுவும்போது எரியும், ஆனால் கழுவினால்தான் ஆறும்.

மோசமான நிமிடத்தை எழுதும் வாரத்தில்தான் அது வந்தது. அவள் பின்சீட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். முடித்ததும் "தாத்தா, இங்க பாருங்க" என்று நீட்டினாள். அடுத்த நொடி லாரி. தான் கூப்பிட்டதால்தான் தாத்தா திரும்பினார், அதனால்தான் விபத்து, தாத்தா நடக்க முடியாமல் போனதற்குக் காரணம் தன் படம். இத்தனை மாதம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தினமும் தாத்தா கட்டிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள், ஒன்பது வயதில். கிரேயான் பெட்டி ஏன் அலமாரிக்கு மேலே போனது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. விளையாட்டும் வண்ணத்தாளும் வைத்து இன்னும் ஒரு வருடம் கழித்தாலும் இது வெளியே வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, நான் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நானாக இருந்தால் "ஐயோ, உன் தப்பே இல்லம்மா" என்று உடனே கட்டிக்கொண்டிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு பெரிய வட்டம் போட்டு, இந்த விபத்துக்குக் காரணமான எல்லாவற்றையும் நீயே பட்டியல் போடு, ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் எவ்வளவு பங்கு என்று நீயே பிரித்துக்கொடு என்றார். லாரி ஓட்டியவர், சிவப்பு விளக்கு, லாரியின் வேகம், அது வந்த திசை. எல்லாவற்றுக்கும் பிரித்துக்கொடுத்த பிறகு தனக்கென்று கடைசியாக மிச்சம் வைத்திருந்த இடத்தைப் பார்த்து அவளே "இவ்ளோதானா?" என்றிருக்கிறாள். அதற்கடுத்த வாரம் அவளுடைய சம்மதத்தோடு தாத்தாவையும் வரவழைத்தார். அப்பா ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்து, "நீ கூப்பிட்டதே எனக்குக் கேக்கலம்மா, நான் திரும்பவே இல்ல, ரோட்டைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார். ஆனால் அதற்கு முன்பே வட்டத்தை வைத்து, திரும்பியிருந்தாலும்கூடச் சிவப்பு விளக்கை மீறி வந்தது லாரிதான் என்ற இடத்துக்கு அவளைக் கொண்டு வந்திருந்தார்கள், இந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் தாத்தா தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார் என்று ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்துகொண்டே இருந்திருக்கும்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம், இதே மாதிரி நடந்த இன்னொரு பிள்ளைக்கு நீ என்ன சொல்வாய் என்பது. முழுப் புத்தகத்தையும் அவள் எங்களுக்குப் படித்துக் காட்டும் செஷன் ஒன்று தனியாக உண்டு. அதற்கு முன்பே என் பாதி நேரத்தில் எனக்குப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டிப் பழக்கியிருந்தார்கள், நான் அழுது முடித்திருந்தேன், அவள் முன்னால் உட்கார்ந்து கேட்கும்போது என் முகத்தைப் பார்த்து அவள் பயப்படக் கூடாது என்பதற்காக. பெற்றோர் தாங்குவார்களா என்று குழந்தைகள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், தாங்க மாட்டார்கள் என்று தோன்றினால் பாதியில் மூடிவிடுவார்கள். அந்த முன்தயாரிப்பை யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று அவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

காரில் ஏறுவதற்கும் தனிப் படிக்கட்டு போட்டார்கள். நிறுத்திய காரில் கதவைத் திறந்து வைத்து உட்கார்வது, கதவை மூடி உட்கார்வது, எஞ்சின் ஓட உட்கார்வது, தெருவைச் சுற்றி வருவது, பெரிய சாலை, கடைசியில் அந்தச் சந்திப்பு. ஒரு படியில் பயம் இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்ளும். இதைப் பெற்றோர்தான் வீட்டில் செய்ய வேண்டியிருக்கும், வாரத்தில் பல நாள் நேரம் ஒதுக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும்: இப்போது பத்திரமாக இருக்கும் விஷயத்துக்குத்தான் இப்படிப் பழக்குவார்கள். உண்மையிலேயே ஆபத்தான இடத்துக்கோ ஆளுக்கோ குழந்தையைப் பழக்குவது கிடையவே கிடையாது.

குறைகள். கதை எழுதிய வாரங்களில் அவளுடைய தூக்கம் திரும்பவும் கெட்டது, எரிச்சல் கூடியது. எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை, ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் அந்தச் சமயத்தில் நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. வாரத்துக்கு நடுவில் ஒரு போன் செய்து விசாரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அது அங்கே இல்லை. ஸ்கூலோடு பேசும் வேலை முழுக்க எங்கள் தலையில் விழுந்தது, வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று பல தடவை கேட்டுத்தான் வாங்கினோம். தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அந்த மாதங்களில் அவனும் நிறையத் தாங்கினான். கேள்வித்தாளின் தமிழ் குழந்தை பேசும் தமிழ் இல்லை, அவளுக்குப் புரியும்படி ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அரை மதிப்பெண் இவற்றுக்காகத்தான். எனக்கும் என் கணவருக்கும் விபத்தால் வந்த பயத்துக்கு அங்கே சிகிச்சை இல்லை, பெரியவர்களுக்கான வேறு இடத்துக்குத் தனியாகப் போகச் சொன்னார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, குழந்தையின் நேரத்தை நாங்கள் தின்றுவிடக் கூடாது என்பது நியாயம்.

எல்லாருக்கும் இதே முறைதான் என்றும் இல்லை. 6 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அடையாளங்களே வேறு மாதிரி இருக்கும் என்பதால் 2013இல் வந்த, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் அவர்களுக்கென்று தனி அளவுகோல் வைத்தார்கள். சொல்லத் தெரியாத வயது, அவர்களுடைய ஆட்டத்திலும் அடம் பிடிப்பதிலும் கற்ற பேச்சை மறப்பதிலும்தான் பார்க்க வேண்டும். மிகச் சிறு குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ குழந்தையோடு சேர்ந்தே உட்காரும் சிகிச்சை முறை இருக்கிறது, அலீசியா லீபர்மன் வளர்த்தெடுத்தது, ஏறக்குறைய ஒரு வருடம் போகும். ட்ராமா சி.பி.டி. ஒத்துவரவில்லை, பேசவே முடியவில்லை என்றால் 7 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஈ.எம்.டி.ஆர். (கண்களை இருபக்கமும் அசைத்தபடி சம்பவத்தை நினைக்க வைக்கும் சிகிச்சை) பார்க்கலாம் என்கிறது நைஸ். போரையும் இடப்பெயர்வையும் பார்த்த குழந்தைகளுக்குக் கிட்நெட் என்று ஒன்று, ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, வாழ்க்கையின் நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்து, பிறந்ததிலிருந்து வரிசையாகச் சொல்ல வைப்பார்கள். பெரிய பேரிடர் நடந்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டால் பள்ளியிலேயே குழுவாகச் செய்யும் முறைகளும் உண்டு. ஆனால் சம்பவம் நடந்த சில நாட்களிலேயே எல்லாக் குழந்தைகளையும் உட்காரவைத்து நடந்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்வது உதவாது, அதைச் செய்ய வேண்டாம் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

வீட்டுக்குள்ளேயே நடந்த கொடுமை, பாலியல் துன்புறுத்தல் என்றால் முதல் வேலை சிகிச்சை இல்லை. செய்த ஆள் குழந்தையை நெருங்க முடியாதபடி செய்வது. அந்த ஆள் இன்னும் அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தையிடம் நீ பத்திரமாக இருக்கிறாய் என்று சொல்லிக்கொடுக்க எந்தத் தெரபிஸ்டாலும் முடியாது.

சிகிச்சையை எப்போது முடிப்பது என்று ஊகத்தில் முடிவு செய்யவில்லை, நடுவிலும் முடிவிலும் அதே கேள்வித்தாளைக் கொடுத்து அளந்தார்கள். முடிவில் 17க்குக் கீழே வந்துவிட்டது. சில மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோதும் கீழேதான் இருந்தது. திடீர் பிரேக் சத்தத்துக்கு இன்னமும் என் கையைப் பிடிக்கிறாள், ஆனால் பிடித்துக்கொண்டு "நாலு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறாள். விபத்து நடந்த தேதி வரும்போதோ அதே மாதிரி செய்தி டிவியில் வரும்போதோ கொஞ்சம் திரும்பலாம், அப்போது என்ன செய்வது என்று ஒரு தாளில் அவள் கையெழுத்திலேயே எழுத வைத்து அனுப்பினார்கள்.

நீங்கள் தேடும்போது போனிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கான ட்ராமா சிகிச்சையில் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எந்த முறையில்? நடந்த சம்பவத்தைப் பற்றிக் குழந்தையோடு நேரடியாகப் பேசுவீர்களா, எந்தக் கட்டத்தில்? ஒவ்வொரு செஷனிலும் பெற்றோருக்கு நேரம் உண்டா? ஆரம்பத்திலும் நடுவிலும் முடிவிலும் எதை வைத்து அளப்பீர்கள்? பயிற்சி பெற்றவர்கள் எல்லா இடத்திலும் இல்லை, காத்திருப்போர் பட்டியலும் நீளமாக இருக்கலாம், வீடியோ அழைப்பிலும் இதைச் செய்கிறார்கள் என்பதால் அருகில் யாரும் இல்லையென்றால் அதையும் விசாரியுங்கள். இரண்டாவது கேள்விக்கு "அதெல்லாம் கிளற மாட்டோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போடுங்கள்.